வெள்ளம் வரும் முன் ஒரு போல்டர்

2015 டிசம்பர் 1 இரவு, சென்னையில் அடையாறு கரை தாண்டியபோது எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சான்றிதழ்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. செல்போனில் சார்ஜ் தீர்ந்ததும் தம்பியின் எண்கூட நினைவுக்கு வரவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி 'அவசரம்' எனப் பெயரிடவும். ரேஷன் கார்டு, பட்டா, காப்பீட்டு பாலிசி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து இதில் சேமிக்கவும். பாஸ்வேர்டுகள் வேண்டாம்.

2. போல்டரை இரண்டு பென் டிரைவ்களில் காப்பி செய்து, திறக்கிறதா எனச் சரிபார்க்கவும். ஒன்று ஜிப் கவரில், கைப்பையில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூர் உறவினரிடம்.

3. நோட்பேடில் உறவினர் எண்களுடன் 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) ஆகியவற்றை டைப் செய்து, கண்ட்ரோல்+பி அழுத்தி பிரிண்ட் எடுக்கவும். மின்சாரம் இல்லாதபோது காகிதம்தான் கை கொடுக்கும்.

4. மழை எச்சரிக்கை வந்ததும் பிளக்கைக் கழற்றி, சி.பி.யு.வை மேசை மேல் ஏற்றவும். நனைந்துவிட்டால் ஆன் செய்யவே கூடாது. நான் அவசரப்பட்டு ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கோடு அப்பாவின் போட்டோக்களும் போயின.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை இந்தப் போல்டரைப் புதுப்பித்து, மீண்டும் காப்பி செய்திடவும்.