மண்ணைக் கணித்த பேராசிரியர்

திண்மப் பொருள்கள் சுமையேற்றப்படும்போது எங்ஙனம் வளைகின்றன, எப்பொழுது உடைகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராயும் துறை இன்று கணனியின் துணையோடு பெரிதும் வளர்ந்துள்ளது. பாலமும் அணைக்கட்டும் சுரங்கவழியும் நிலத்தில் எழுமுன்னரே கணனியில் எழுப்பப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. இத்துறையுள் மண்ணைப்பற்றிய பகுதிக்கு அடிப்படையிட்டோருள் ஒருவர் நம் நாட்டுத் தமிழர். கண்டி மாநகரையடுத்த பேராதனையிற் பல்லாண்டு கற்பித்தவர். பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களின் ஆய்வையும் வாழ்வையும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி, இம்மலரில் அவற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

கல்வி

1934 ஆம் ஆண்டிற் பிறந்த துரைராஜா வடமராட்சியைச் சேர்ந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்றபின் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திற் சேர்ந்தார். அப்பீடம் 1950 ஆம் ஆண்டிற் பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவை முதற் பீடாதிபதியாகக் கொண்டு கொழும்பில் தொடங்கப்பெற்றது. 1957 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற துரைராஜா, மேலாராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கே கென்னத் ரொஸ்கோ என்பார் மண்பற்றிய ஆராய்ச்சிக் குழுவொன்றை நடத்தி வந்தார். அவரும் அன்ட்ரூ ஸ்கொஃபீல்ட், பீற்றர் றொத் என்னும் இருவரும் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, மண்ணின் 'அவதிநிலை' என்னும் கருத்தை அறிஞர் முன் வைத்தது. அக்கருத்து யாதெனக் காண்போம்.

கொத்தொன்றில் நெல்லைத் தளரச் சொரிந்து கையால் துழாவினால் நெல் தாழ்ந்து இறுகும். தட்டித் தட்டி இறுக நிரப்பிய நெல்லைத் துழாவினாலோ மணிகள் ஒன்றன்மேலொன்று ஏற, நெல் உயர்ந்தெழும். தளர்ந்தது சுருங்கியும் இறுகியது விரிந்தும் ஈற்றில் இரண்டும் ஒரே நெருக்கத்தை எய்துகின்றன. அதன்பின் எத்துணை துழாவினும் கனவளவு மாறாது. மணலும் களிமண்ணும் அவ்வாறே ஒழுகுகின்றன. அழுத்தத்திற்கேற்ப அமையும் அந்த ஈற்றுநிலையே அவதிநிலை எனப்படும்.

துரைராஜா கண்ட உண்மை

ஈற்றுநிலை தெரிந்தபோதும், அதனை நோக்கி மண் செல்லும் வழி அந்நாளில் தெளிவாக விளங்கவில்லை. அணைக்கட்டின் அடியிலுள்ள களிமண் இன்று எவ்வளவு தாழும், நாளை எவ்வளவு தாழும் என்று கூறவேண்டுமாயின், அவ்வழியை அறிதல் இன்றியமையாதது.

துரைராஜா கயொலின் என்னும் வெண்களிமண்ணையும் மணலையும் எடுத்துக்கொண்டு, அவற்றை அழுத்தியும் உருமாற்றியும் பெற்ற அளவீடுகளை, ஒரு கணக்கப்பிள்ளை பேரேட்டை ஆராய்வதுபோல ஆராய்ந்தார். சுமைகள் மண்மீது செய்த வேலை முழுவதும் வரவு. அதில் ஒரு பங்கை மண் வில்லுச்சுருள்போலத் தன்னுட் சேமித்துவைக்கிறது. சுமையை நீக்கின் அது மீளும். அப்பங்கைக் கழிக்க எஞ்சுவது, துணிக்கைகளின் உராய்வால் மீளாது இழக்கப்படும் சத்தியாகும்.

இவ்விழப்பு எதனைப் பொறுத்தது? மண் சுருங்குகிறதா விரிகிறதா என்பதைப் பொறுத்ததன்று. நீர் வெளியேற விடப்பட்டதா உள்ளே தடுக்கப்பட்டதா என்பதையும் பொறுத்ததன்று. மண் துணிக்கைகள் தாங்கும் அழுத்தம், உருமாற்றத்தின் அளவு, மாறாத ஓர் உராய்வெண் ஆகிய மூன்றையும் பெருக்க வருவதே அவ்விழப்பு என அவர் கண்டார். சிக்கல் மிகுந்ததென எண்ணப்பட்ட மண்ணின் ஒழுக்கத்தை ஒரு வரியில் எழுதத்தகும் சமன்பாடு இதுவாம்.

அவருடைய ஆய்வேடு 1961 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ரொஸ்கோ, ஸ்கொஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவர் பெயரிலும் 1963 ஆம் ஆண்டில் 'ஜியோடெக்னிக்' ஏட்டில் வெளிவந்த கட்டுரை, இச்சமன்பாட்டினின்று களிமண் எத்தகைப்பில் மீளாவகையில் இளகும் என்பதைக் காட்டும் வளைகோட்டைப் பெற்றது. அம்மாதிரி, கேம்பிரிட்ச் நகரினூடே ஓடும் ஆற்றின் பெயரால் 'கேம் களிமண்' என வழங்கலாயிற்று. ஆற்றின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆயினும் அதன் உள்ளே நிற்கும் கணக்கு துரைராஜாவினுடையது என்பதை ஸ்கொஃபீல்ட் தம் நூலிற் குறித்துள்ளார்.

கணனியிற் புகுந்த களிமண்

இதே காலத்திற் பொறியியலாளர் கையில் வேறொரு கருவியும் வந்து சேர்ந்தது. பெரிய பொருளொன்றைச் சிறு சிறு துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டத்திற்கும் சமன்பாடு எழுதி, அனைத்தையும் ஒருங்கே தீர்க்கும் முறைக்கு, 1960 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 'முடிவுள்ள மூலக முறை' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கையாற் தீர்த்தல் இயலாது. கணனிக்கோ அது எளிது.

ஆனால் கணனி ஒவ்வொரு துண்டத்தைப்பற்றியும் ஒரு வினாவைக் கேட்கும்: இவ்வளவு விகாரம் நேர்ந்தால் எவ்வளவு தகைப்பு எழும்? உருக்கிற்கு விடை கூறல் எளிது. மண்ணிற்கு விடை கூறக் கேம் களிமண் மாதிரி உதவிற்று. ரொஸ்கோவும் ஜோன் பேர்லண்டும் 1968 ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்திய வடிவம், ஐந்தே எண்களைக்கொண்டு களிமண்ணின் தாழ்வையும் வலிமையையும் நீரமுக்கத்தையும் ஒருங்கே கணிக்க வல்லது. இன்றும் மண்பொறியியற் கணனி நிரல்களில் அது இடம்பெற்று வருகின்றது.

பேராதனைக்கு மீண்டமை

பொறியியற் பீடம் 1964 ஆம் ஆண்டிற் கொழும்பினின்று பேராதனைக்கு, மகாவலி கங்கையின் கரைக்குப் பெயர்ந்தது. நாடு திரும்பிய துரைராஜா அங்கே பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கினார். கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் பொல்கொல்ல, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகிய அணைகள் எழுந்த காலமும் அதுவே. மண்ணையும் பாறையையும் அறிந்த பொறியியலாளர் நாட்டிற்கு மிகவும் வேண்டப்பட்ட அந்நாளில், அத்தகையோரை உருவாக்கும் பணியில் அவர் நின்றார்.

1988 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, போர் சூழ்ந்த கொடிய ஆண்டுகளில் அதனை நடத்தி, 1994 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பதவியிலிருக்கும்போதே காலமானார்.

மேனாட்டிலேயே தங்கியிருந்தால் அவர் இன்னும் பல கட்டுரைகளை எழுதியிருப்பார் என்று சொல்வார் உளர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. விரிவுரை, நிருவாகம், நாட்டின் குழப்பம் ஆகியன ஆராய்ச்சியாளனின் நேரத்தை உண்பன என்பது வெளிப்படை. வெளிநாடு சென்று துறைக்குப் பணியாற்றுவோரைக் குறைகூறுவதும் நம் கருத்தன்று. எனினும் கற்பிப்போர் இன்றேல் அடுத்த தலைமுறையில் ஆராய்வோரும் இரார். அவர் செலுத்திய விலை பெரிது. பெற்றவர்கள் அவர்தம் மாணவர்கள்.

எஞ்சியுள்ள கணக்கு

கேம் களிமண் ஆய்வுகூடத்தில் நீருடன் பிசைந்து ஆக்கப்பட்ட, நீர் நிறைந்த களிமண்ணுக்கென எழுந்தது. நம் கண்டி மலைச்சரிவுகளின் மண்ணோ அத்தகையதன்று. பாறை இருந்தவிடத்திலேயே உக்கிப்போனதால் உண்டான அம்மண், தாய்ப்பாறையின் பிணைப்புகளைச் சிறிது தாங்கி நிற்பது. வெயிற்காலத்தில் அதன் துளைகளில் காற்றும் நீரும் கலந்திருப்பதால், நீர் துணிக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றது. பெருமழையில் நீர் நிறைய, அப்பிடி தளர்கின்றது, சரிவும் தளர்கின்றது. 2014 ஆம் ஆண்டில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களையும், 2016 ஆம் ஆண்டில் அரநாயக்கவில் ஊர்மனைகளையும் மண் மூடியதை யார் மறப்பர்?

இம்மண்ணுக்கேற்ற மாதிரிகளை உலகின் பல பாகங்களில் அறிஞர் ஆக்கி வருகின்றனர். அவற்றுள் எது நம் சரிவுக்குப் பொருந்தும் என்பதை நம் மண்ணைத் தோண்டியெடுத்து, அழுத்தி, அளந்தே அறியவேண்டும். கணனி எத்துணை விரைந்து கணித்தாலும், தவறான எண்ணை இட்டால் தவறான விடையையே தரும்.

ஆதலின் கணிதமும் பௌதிகமும் பயிலும் நம் மாணவருக்கு நாம் கூறுவது இதுவே. துரைராஜா தொடங்கியது அரிய கருவியோடன்று. பிறர் கைகளிலும் இருந்த அளவீடுகளை வரவு செலவு பிசகாமற் கூட்டிப் பார்த்த பொறுமையோடு. அப்பொறுமை நம் வகுப்பறைகளிலும் பயிலத்தக்கது. அதனைப் பயின்றோருக்குக் கண்டியின் ஒவ்வொரு மலைச்சரிவிலும் வேலை காத்திருக்கின்றது.