இரண்டு முப்பது அறுபது ஆகாத கணக்கு

வேலையில் இருமுறை அடிபட்டவருக்கு மிஞ்சும் நிரந்தர ஊனத்தில் எந்தக் காயத்துக்கு எவ்வளவு பங்கு? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை 2004-ல் திருத்திய பிறகு, இந்தப் பங்கீடு இழப்பீட்டுத் தொகையையே ஏற்றி இறக்குகிறது. அதைப் பற்றி உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எப்படிப் பிரித்தாலும் மொத்தத் தொகை ஒன்றுதான்.

உண்மை: தொகை குறையும். ஊன விகிதம் ஏற ஏற, கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கிடைக்கும் வாரங்களும் ஏறுகின்றன. 2005 முதல் ஏற்பட்ட காயங்களுக்கு, 10 சதவீதத்துக்குக் கீழே புள்ளிக்கு 3 வாரம்; 30-லிருந்து 7; 50-லிருந்து 8; 70-லிருந்து 16. ஒரே காயத்தால் 60 சதவீத ஊனம் என்றால் 351.25 வாரங்களுக்கு உதவித்தொகை. அதையே இரு காயங்களுக்கு 30, 30 எனப் பிரித்தால் தலா 131, ஆக 262 வாரம்தான். 70-ஐ எட்டியவருக்கு வாழ்நாள் ஓய்வூதியமும் உண்டு. இரண்டு 35 வாங்கியவருக்கு அது கிடையாது.

நம்பிக்கை 2: இரு காயங்களும் ஒரே நேரத்தில் 'இனித் தேறாது' என்ற நிலைக்கு வந்தால், சேர்த்தே கணக்கிடுவார்கள்.

உண்மை: 1977-ல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் திருத்தத்துக்குப் பின் அந்த விதி பொதுவாகச் செல்லாது என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், திடீர்க் காயத்தாலும் நாள்பட்ட வேலைத் தேய்மானத்தாலும் கழுத்து பாதிக்கப்பட்ட கோப்பு எழுத்தருக்கு 62 சதவீதம் கிடைக்கவில்லை. தனித்தனியாக இரண்டு 31 கிடைத்தது. பங்கு பிரிக்கவே முடியாது என்று மருத்துவர் தக்க காரணத்தோடு சொன்னால் மட்டும், சேர்த்து வழங்க இன்றும் இடமுண்டு.

நம்பிக்கை 3: மருத்துவர் 'பாதிக்குப் பாதி' என்று எழுதிவிட்டால் அதுவே முடிவு.

உண்மை: வெறும் எண் சாட்சியம் ஆகாது. ஒவ்வொரு காரணமும் இன்றைய ஊனத்தை எப்படி, ஏன் உண்டாக்குகிறது, அந்தப் பங்கு ஏன் அவ்வளவு என்று மருத்துவர் விளக்க வேண்டும் என்பதை இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தின் முழு அமர்வு 2005-ல் தெளிவுபடுத்தியது. பங்கீட்டை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி தரப்புடையது.

நம்பிக்கை 4: பழைய காயம் ஆறிவிட்டால் அது கணக்கில் வராது.

உண்மை: அதற்கு முன்பே ஊனத் தீர்ப்பு பெற்றிருந்தால், அந்த ஊனம் இன்னும் இருப்பதாகவே சட்டம் கொள்ளும், ஆறிவிட்டது என்று வாதாட முடியாது. ஆனால் பழைய ஊனமும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதை முதலாளி தரப்பு காட்டினால்தான் கழிக்கலாம். பழைய முழங்கால் தீர்ப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் புதிய தோள்பட்டைக் காயத்தில் கைவைக்க முடியாது.

ஆகவே, மருத்துவ அறிக்கை கைக்கு வந்ததும் சதவீதத்தை மட்டும் பார்த்து மடித்துவைக்க வேண்டாம். அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் படியுங்கள்; காரணம் இல்லையென்றால் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.