ஒன்பது பெட்டி, ஒரே நிர்வாகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

ஒரு கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கு ‘ஸ்விட்ச்’ என்று பெயர். தன்னிடம் வரும் செய்தியை உரிய கணிப்பொறிக்கு அனுப்பி வைப்பது அதன் பணி. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 24 அல்லது 48 போர்ட்டுகளே இருக்கும். முந்நூறு கணிப்பொறிகள் உள்ள இடத்தில் பல பெட்டிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனிக் கடவுச்சொல், தனி அமைப்பு என்றால் தலைக்குத் தலை நாட்டாண்மையாகிவிடும். இதனைத் தவிர்க்க வந்ததே ‘ஸ்டாக்கிங்’ எனப்படும் அடுக்கு முறை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் போன்றோருக்கு விண்ணப்பமும் உதவித்தொகையும் இன்று இணையத்தின் வழியேதான் நடைபெறுகின்றன. கடைசி நாளில் ஒரு ஸ்விட்ச் செயலிழந்தால் ஓர் ஆண்டுப் படிப்பே கேள்விக்குறியாகலாம். ஆதலின் இதனை நாம் அறிந்திருத்தல் நலம்.

வளைய இணைப்பு

சிஸ்கோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேட்டலிஸ்ட் 3750’ என்னும் ஸ்விட்சை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் ‘ஸ்டாக்வைஸ்’ முறையில் 9 பெட்டிகள் வரை தனிக் கேபிள்களால் வளையமாக இணைக்கப்பட்டன. பெட்டிக்கு 48 போர்ட் எனில் மொத்தம் 432. ஆயினும் நிர்வாகிக்கு அது ஒரே ஸ்விட்ச், ஒரே ஐ.பி. முகவரி. வளையத்தின் திறன் நொடிக்கு 32 ஜிகாபிட். ஒரு கேபிள் அறுந்தால் செய்தி எதிர்த்திசையில் சுற்றிச் செல்லும். திறன் பாதியாகும், தொடர்பு அறாது.

தலைமை

அடுக்கில் ஒரு பெட்டி தலைமை ஏற்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் தரலாம். எல்லாவற்றையும் ஒருசேர இயக்கினால் பெரிய எண் உடையதே தலைவன். அதைவிடப் பெரிய எண்ணுள்ள புதிய பெட்டியை அணைத்த நிலையில் சேர்த்துப் பின்னர் இயக்கினாலும், இருக்கும் தலைவன் பதவி இழப்பதில்லை. தலைவனிடம் உள்ள அமைப்பின் நகல் மற்றப் பெட்டிகளிலும் இருப்பதால், தலைவன் பழுதானால் வேறொன்று பொறுப்பேற்கும்.

பங்கீடு

வெவ்வேறு பெட்டிகளிலிருந்து செல்லும் இரு கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டலாம். ஒன்று போனாலும் மற்றது சுமக்கும். பின்னர் வந்த 3750-எக்ஸ் வகையில் மின்சாரமும் பொதுவாயிற்று. ‘ஸ்டாக்பவர்’ என்னும் அம்முறையில் நான்கு பெட்டிகள் வரை மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்றின் மின்வழங்கி பழுதானால் மற்றவற்றின் உபரி மின்சாரம் அதனைத் தாங்கியது.

எல்லை

இம்முறைக்கும் எல்லை உண்டு. செயலிழந்த பெட்டியில் நேராகச் செருகிய கணிப்பொறிகளை அடுக்கு காப்பாற்றாது, மற்றவையே பிழைக்கும். நிர்வாகம் ஒன்றே என்பதால், அமைப்பில் நேரும் ஒரு தவறு அனைத்துப் பெட்டிகளையும் பாதிக்கவும் கூடும். ஆகவே பலருக்கும் பயன்படும் முக்கியமான கணிப்பொறியை இரு வேறு பெட்டிகளில் இணைத்து வைப்பதே அறிவுடைமை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பர். கூடிய பின்னும் காவல் வேண்டும் என்பதே இவ்வடுக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம்.