ஏணியும் கடனும்

செய்ந்நன்றியறிதலை இல்லறவியலிலும் செங்கோன்மையை அரசியலிலும் வைத்தார் வள்ளுவர். இவ்விரண்டும் ஒருவன் வாழ்வில் முரணுமாயின் அவன் எதனைக் கைக்கொள்ளல் வேண்டும்? ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த ஹரி ட்றூமனின் வரலாறு கொண்டு இதனை ஆராய்வாம்.

மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரிலே சனநாயகக் கட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் தோமஸ் பெண்டர்காஸ்ற். அவருடைய ஆட்கள் வறியோர்க்குக் குளிர்காலத்தில் நிலக்கரியும் உணவும் வழங்கினர். வேலையற்றோர்க்கு வேலை தேடிக் கொடுத்தனர். கைம்மாறாகப் பெற்றது வாக்கு. அவ்வாக்கினால் வந்த அதிகாரமோ நகரின் கட்டட வேலைகளுக்கு அவருடைய கம்பனியின் கொங்கிறீற்றையே வாங்கச் செய்தது. இத்தகைய அமைப்பினைக் கட்சி இயந்திரம் என்பர். ஈகைபோற் காணப்படினும் அது பெரிதும் ஊர்ப்பொருளால் நடந்த வாணிகமேயாம்.

1922இல் துணிக்கடை நடத்தி நட்டமடைந்த ட்றூமன், அவ்வியந்திரத்தின் துணையால் ஜாக்சன் கவுண்டியின் நிருவாகப் பதவியொன்றைப் பெற்றார். பின்னர் அங்கே வீதிகள் அமைத்தபோது, பெண்டர்காஸ்ற்றின் நண்பர்களை விலக்கிக் குறைந்த விலை கேட்டோர்க்கே ஒப்பந்தங்களை வழங்கினார். ஆயினும் பெருந்தொகையைக் காக்கும்பொருட்டு ஏறத்தாழ 10,000 டொலர் களவு போக விட்டதாகத் தம் தனிக்குறிப்பில் வருந்தி எழுதியுள்ளார். சிறிது இழந்து பெரிது காத்தல் நேர்மையாகுமா என்னும் ஐயம் அவரை வாட்டிற்று.

1934இல் அவர் செனற் சபை உறுப்பினரானார். 1936ஆம் ஆண்டுத் தேர்தல் மோசடிக்காக இயந்திரத்தைச் சேர்ந்த 200க்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவ்வழக்குகளை நடத்திய அரச வழக்குரைஞரின் மறுநியமனம் 1938இல் செனற் சபைக்கு வந்தபோது, எதிர்த்து வாக்களித்தவர் ட்றூமன் ஒருவரே. வேறு காரணங்கள் கூறினாராயினும், ஏணிக்குரிய கடனையே அன்று இறுத்தார் என்பது எமது துணிபு. அடுத்த ஆண்டு வருமானவரி ஏய்ப்புக்காகப் பெண்டர்காஸ்ற் சிறை சென்றார்.

1940இல் ட்றூமன் மீண்டும் வென்றார். 1945 சனவரியில் பெண்டர்காஸ்ற் இறந்தபோது, உப சனாதிபதியாயிருந்த அவர், பலர் பழித்தும் இறுதிச் சடங்கிற்குச் சென்றார்.

இவ்விரு செயல்களும் ஒன்றல்ல. இறுதிச் சடங்கிற்குச் சென்றது தமக்குரிய நன்றி. அதனைக் குறை கூறோம். செனற் சபையில் அளித்த வாக்கோ மக்களுடையது. அதனைக்கொண்டு தம் நன்றிக்கடன் தீர்த்தல் முறையன்று.

பதவியை விரும்புதல் குற்றமன்று. எம் மாணவருள்ளும் நாளை அதனை நாடுவோர் உளர். தாம் ஏறும் ஏணி யாருடையது, அவர் பின்னர் எதனைக் கேட்பார் என்பவற்றை முதற்படியில் நின்றே அவர்கள் எண்ணுவாராக.