பீப்பாய்த் தொழிற்சாலையில் ஒரு பாடம்

"நகரத்தின் நடுவில் பழைய தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடக்கிறது. இயந்திரங்கள் போய்விட்டன. கூரையில் ஓட்டை, மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. அந்த இடத்தை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?"

ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "இடிச்சிட்டு மால் கட்டலாம் டீச்சர்" என்றான் ஒருவன். அடுக்குமாடி வீடு, மருத்துவமனை, வண்டி நிறுத்துமிடம் என்று பதில்கள் வந்தன. ஒவ்வொரு பதிலும் 'இடிச்சிட்டு' என்றே தொடங்கியது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் பள்ளியின் பின்புறம் மூன்று அறைகள் கொண்ட ஓட்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளாக அங்கே வகுப்பு நடப்பதில்லை. உடைந்த மேசைகள் அடைந்து கிடக்கின்றன. அதை அகற்றிவிட்டுப் புதிய கட்டடம் கேட்கலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு வந்தபோது, முதலில் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகுதான் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் உள்ள 'செஸ்க் பொம்பேயா' என்ற இடத்தைப் பற்றிப் படித்தேன். அதை இரண்டு பாடவேளைகளில் வகுப்பில் நடத்தினேன். சமூக அறிவியல், அறிவியல், ஓவியம் மூன்றுக்கும் பொருந்தும் பாடமாக அமைந்ததால் இங்கே பகிர்கிறேன்.

செஸ்க் என்பது வணிகத் துறைத் தொழிலாளர்களின் நலனுக்காக 1946இல் பிரேசிலில் தொடங்கப்பட்ட அமைப்பு. பொம்பேயா பகுதியில் அது வாங்கிய இடத்தில் 1930களில் கட்டிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. முதலில் பீப்பாய்களும் பின்னர் குளிர்பதனப் பெட்டிகளும் அங்கே தயாராயின. வரிசையாகச் செங்கல் கொட்டகைகள், நடுவே ஒரு தெரு, அவ்வளவுதான். பார்வைக்கு அழகான கட்டடம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இடத்தைப் புதிய சமூக மையமாக்கும் பொறுப்பு 1970களின் பிற்பாதியில் லீனா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1914இல் ரோம் நகரில் பிறந்தவர். போருக்குப் பின் 1946இல் பிரேசிலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்.

முதல் முறை போனபோது அவர் கண்ணில் பட்டது கட்டமைப்பு. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வைத்துக் கட்டும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவச் செய்தவர்களில் ஒருவர் ஹென்னபிக் என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய முறையில் எழுந்த மெல்லிய தூண்களையும் உத்தரங்களையும் பார்த்ததுமே இதைக் காப்பாற்ற வேண்டும் என்று லீனாவுக்குத் தோன்றியது. இரண்டாம் முறை ஒரு சனிக்கிழமை போனார். அன்று அவர் பார்த்தது வேறு. கூரை ஓட்டையில் கொட்டும் மழைக்கு நடுவே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கத்தில் தாய்மார்கள் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பொம்மலாட்டம், சுற்றிலும் குழந்தைகள். மையம் இன்னும் கட்டப்படவே இல்லை. ஆனால் மக்கள் அதை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த மகிழ்ச்சி அப்படியே தொடர வேண்டும் என்று நினைத்ததாக லீனா பின்னாளில் எழுதினார்.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தி, "இப்ப சொல்லுங்க, இடிக்கலாமா?" என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. "மழை ஒழுகுறத மட்டும் சரி பண்ணலாம்" என்றாள் ஒரு மாணவி. ஏறத்தாழ அதைத்தான் லீனாவும் செய்தார்.

சுவர்ப் பூச்சைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே தெரியவிட்டார். ஓட்டுக் கூரையைச் சீராக்கி, இடையிடையே கண்ணாடி ஓடுகள் பதித்தார். நம் ஊர் ஓட்டு வீட்டுச் சமையலறையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு வைப்போமே, அதே வேலை. பெரிய கொட்டகைக்குள் அறை அறையாகத் தடுக்கவில்லை. ஒரு பக்கம் கணப்பு அடுப்பு. தரையில் வளைந்து நெளிந்து போகும் ஆழமற்ற நீரோடை, அதற்கு பிரேசிலின் பெரிய ஆறான சாவோ பிரான்சிஸ்கோவின் பெயர். நடுவே கான்கிரீட் மேடைகளில் படிப்பகம். சதுரங்கம் ஆடும் முதியவர், படிக்கும் மாணவர், தூங்குகிறவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். இன்னொரு கொட்டகையில் மண்பாண்டம், நெசவு, மரவேலை முதலியவற்றுக்கான பட்டறைகள். முதல் பகுதி 1982இல் திறக்கப்பட்டது. லீனாவும் அவருடன் வேலை செய்த இளைஞர்களும் அலுவலகத்தைக் கட்டுமான இடத்திலேயே வைத்துக்கொண்டு, மேஸ்திரிகளோடும் தொழிலாளர்களோடும் பேசிப் பேசி முடிவெடுத்தார்கள். வரைபடம் ஓர் ஊரிலும் வேலை ஓர் ஊரிலுமாக நடக்கவில்லை.

இதைத்தான் 'தகவமைப்பு மறுபயன்பாடு' என்கிறார்கள். சொல் கடினமாக இருந்தால், பழைய கட்டடத்தைப் புதுத் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்று மாணவர்களிடம் சொன்னால் போதும். லீனாவுக்கு இது புதிதும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் சால்வடோர் நகரின் கடலோரத்தில் இருந்த பழைய கட்டடத் தொகுதி ஒன்றை மக்கள் கலை அருங்காட்சியகமாக மாற்றினார். அங்கே அவர் அமைத்த மரப்படிக்கட்டில் ஆணியே கிடையாது. மாட்டுவண்டியில் மரத்தோடு மரத்தைப் பிணைக்கும் முறையைப் பார்த்து, அதே மாதிரி ஆப்பு வைத்து இணைத்தார். வண்டித் தச்சு தெரிந்த தாத்தா ஒருவர் இன்னும் இருக்கும் ஊரில் நீங்கள் வேலை பார்த்தால், இந்தப் பகுதியை அவரை வைத்தே நடத்தலாம்.

பழையதைக் காப்பது என்றால் புதிதாக எதையும் செய்யக் கூடாது என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடாது. அதற்கு செஸ்க் பொம்பேயாவின் இரண்டாம் பகுதி உதவும். மையத்துக்கு நீச்சல் குளமும் விளையாட்டு அரங்குகளும் வேண்டும். கொட்டகைகளை இடிக்கக் கூடாது. மீதி இருந்ததோ இரண்டு சிறு துண்டு நிலம். நடுவே தரைக்கடியில் மூடி ஓடும் ஓடை ஒன்று. அதன்மேல் கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை.

இதைக் கரும்பலகையில் வரைந்து, "நீங்களே தீருங்கள்" என்று குழுக்களாகப் பிரித்துவிட்டேன். பதினைந்து நிமிடம் கொடுத்தேன். ஒரு குழு ஓடையைத் திருப்பிவிட்டது. இன்னொன்று நீச்சல் குளத்தை ரத்து செய்தது. அதற்கும் கைதட்டல் கிடைத்தது. கடைசிப் பெஞ்சுக் குழு மட்டும் ஆடுகளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, "மாடி மாடியா விளையாடட்டும்" என்றது.

லீனாவின் விடையும் அதுதான். ஒரு துண்டில் பெரிய கான்கிரீட் பெட்டி: கீழே நீச்சல் குளம், மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஆடுகளங்கள். மற்றத் துண்டில் ஒல்லியான கோபுரம்: படிக்கட்டு, உடை மாற்றும் அறைகள், பயிற்சி அறைகள். இரண்டையும் நான்கு நிலைகளில் திறந்தவெளி நடைபாலங்கள் இணைக்கின்றன. பாலங்கள் நேராகப் போகாமல் மரக்கிளைபோல் பிரிந்து போகின்றன. உடை மாற்றிக்கொண்டு ஆடப் போகிறவர் வானத்தில் நடந்து போகவேண்டும். ஓடைக்குமேல் கட்டடம் கூடாதல்லவா? அங்கே மரப்பலகைத் தளம் போட்டார். கடல் இல்லாத சாவோ பாவ்லோ மக்கள் அதில் படுத்து வெயில் காய்கிறார்கள். அதுவே அவர்களுக்குக் கடற்கரை. ஆடுகளங்களின் சன்னல்கள் குகை வாய்போல் ஒழுங்கற்ற ஓட்டைகள். கண்ணாடி இல்லை, சிவப்பு மரச் சட்டங்கள் மட்டும். இரு பக்கமும் திறந்திருப்பதால் காற்று ஊடுருவிப் போகிறது, குளிர்சாதனம் தேவையில்லை. பக்கத்தில் பழைய புகைபோக்கியை நினைவூட்டும் 70 மீட்டர் உயர நீர்த்தொட்டிக் கோபுரம். இந்தப் பகுதி 1986இல் முடிந்தது. பரிசோதனைக் கட்டடக் கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிலம், ஓடை, காற்று என்று ஒரு காரணம் நிற்கிறது.

எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அங்குள்ள நாடக அரங்கின் மர இருக்கைகளுக்கு மெத்தை கிடையாது. பழங்காலத்து அரங்குகளில் மக்கள் கல்லில்தான் உட்கார்ந்தார்கள், மெத்தை என்பது அரசவை அரங்குகளோடு வந்த பழக்கம் என்பது லீனாவின் வாதம். பார்வையாளர் சாய்ந்து உறங்காமல் விழித்திருக்க வேண்டுமாம். முதுகுவலிக்காரர்களிடம் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும். வகுப்பில் இது நல்ல விவாதமானது. மர பெஞ்சில் நாள் முழுதும் உட்காரும் எங்கள் மாணவர்கள் லீனாவை விட்டுவைக்கவில்லை!

பழைய கட்டடம் அழகாகவோ அரியதாகவோ இருந்தால்தான் காக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்கு விடையாக பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரைக் காட்டினேன். அங்கே 1960களில் கட்டிய மூன்று அடுக்குமாடித் தொகுதிகள், 530 வீடுகள். தீப்பெட்டி அடுக்கியது போன்ற சாதாரணக் கட்டடங்கள். ஆன் லக்கத்தோன், ஜான்-பிலிப் வஸ்ஸால் என்ற இருவரும் இன்னும் சில கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து, அவற்றை இடிக்காமல் வெளிப்புறமாக 3.8 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி முன்கூடங்களை ஒட்டவைத்தார்கள். வேலை நடந்தபோதும் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. இது 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக் கலைப் பரிசைப் பெற்றது. 2021இல் பிரிட்ஸ்கர் விருது அந்த இருவருக்கும் கிடைத்தது. இதே போர்தோவில் 1996இல் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்தச் சொன்னபோது, இருவரும் அங்கே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு, இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளைக் கல்லை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி கூட்டுங்கள் என்று சொல்லித் திரும்பினார்கள்.

அறிவியல் ஆசிரியருக்கு இங்கே ஒரு வேலை உண்டு. பத்தாம் வகுப்பில் கால்சியம் கார்பனேட்டின் வெப்பச் சிதைவை நடத்துகிறோம். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும். சிமெண்ட் ஆலைச் சூளையில் நடப்பது அதுவே. உலகில் மனிதர் வெளியேற்றும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது. அதில் பாதிக்குமேல் எரிபொருளால் வருவதல்ல, இந்த வேதிவினையால் வருவது. நிற்கும் கட்டடத்துக்கான வாயு ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டது. இடித்துக் கட்டினால் இன்னொரு முறை கலக்கும். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப பழைய கட்டடம் எல்லாம் கட்டி முடிச்ச கடன் மாதிரி" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அது தெளிவு.

பள்ளிக் கட்டடங்களில் ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு பற்றிப் பேரம் கிடையாது. பொறியாளர் ஆய்ந்து உறுதியற்றது என்று சொன்ன கட்டடம் போகத்தான் வேண்டும். அதன் நிழலில்கூடக் குழந்தைகளை விடக்கூடாது. கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது: பார்த்துத்தான் முடிவெடுத்தோமா?

ஆகவே பாடத்தின் கடைசிப் பகுதியாக மாணவர்களை லீனாவின் சனிக்கிழமை வேலையைச் செய்ய வைத்தேன். பள்ளி வளாகத்தின் வரைபடத்தை ஓவிய ஆசிரியர் பெரிய தாளில் வரைந்து கொடுத்தார். ஒரு வாரம் மதிய இடைவேளையில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று புள்ளி வைத்தார்கள். சாப்பிடுகிறவர்களுக்குப் பச்சை, விளையாடுகிறவர்களுக்குச் சிவப்பு, தனியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீலம்.

புதிய கட்டடத்தின் முன்பகுதியில் புள்ளிகள் குறைவு. வெயில் நேரே அடிக்கும் இடம் அது. பச்சைப் புள்ளிகள் அதிகம் விழுந்தது, யாரும் பயன்படுத்துவதில்லை என்று நாங்கள் சொல்லிவந்த ஓட்டுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில். நீலப் புள்ளிகளும் அங்கேதான். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் சிலர் தினமும் அதன் திண்ணையில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது பல ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கும் எனக்குத் தெரியாது.

வரைபடத்தை மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப்போனோம். முன்பு நாங்கள் பேசிய முடிவு மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வரிகள் சேர்ந்தன. கட்டடத்தைப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்யும்வரை இடிப்புக்கு விண்ணப்பிப்பதில்லை, அதுவரை தாழ்வாரத்தில் மாணவர்களை அனுமதிப்பதில்லை. எது கட்டினாலும் அதே அளவு நிழல்தரும் தாழ்வாரம் அதில் இருக்க வேண்டும். குழந்தைகள் இப்போது வேப்பமரத்தடியில் சாப்பிடுகிறார்கள். ஆய்வுக்கான கடிதம் போயிருக்கிறது.

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: மதிய இடைவேளையோடு, காலையில் மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தையும் எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் அதை விட்டுவிட்டோம். பேருந்துக்காக முன்னதாகவே வந்துவிடும் குழந்தைகள் எங்கே உட்காருகிறார்கள் என்பது எங்கள் வரைபடத்தில் இல்லை.