வெளுக்கப் போய்க் கறுத்த முகம்

திண்டிவனத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு ஈஸ்டர் கழிந்து திருமணம். ஒரு வாரத்திற்கு முன் அழகு நிலையத்தில் முகத்துக்கு ‘பிளீச்’ செய்துகொண்டார். எரிகிறது என்று சொல்லியும், “எரிந்தால்தான் பலிக்கும்” என்றார்களாம். மறுநாள் பத்திரிகை வைக்க விழுப்புரம் சென்று நண்பகல் வெயிலில் அலைந்தார். திருமணத்தன்று கன்னம் சிவந்திருந்தது. இரண்டு வாரத்தில் அச்சிவப்பெல்லாம் கருந்திட்டுகளாயிற்று. வெளுக்கப் பூசியது கறுப்பானேன்? எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. தேடிப் படித்தோம்.

நம் மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்னும் செல்கள் உள்ளன. இவை மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்கின்றன. சிவந்தவருக்கும் கறுத்தவருக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. செய்யும் மெலனினில்தான் வேற்றுமை. (இதைப் படித்ததும் எங்களுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.) தோல் வெந்தாலோ அழன்றாலோ இச்செல்கள் மிகுதியாக மெலனினைச் சுரக்கும். வெயில் அதனை இன்னும் தூண்டும். பிளீச்சில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் உண்டு. முகத்துப் பூனைமயிரை அவை வெளுப்பதால் முகமே வெளுத்தாற்போல் தோன்றுகிறது. நேரம் மிஞ்சினால் தோல் புண்படும். நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கு இத்திட்டு எளிதில் வரும். மறையப் பல மாதங்கள் ஆகும்.

அதைப் போக்கக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு அடுத்த ஆபத்து. பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. முதலில் முகம் பளிச்சிடும். நாளடைவில் தோல் மெலிந்து, நிறுத்தினால் எரியும். 2011-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரில் 433 பேர் இதனைப் பூசியவர்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்றது. சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசமும் கலந்திருக்கும். அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆனால் தோல்வழி உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டோரை 2023-இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

அக்காவை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். வெயிலில் குடை, வெயில் தடுப்புக் களிம்பு, பொறுமை: முதலில் சொன்னவை இவையே. இப்போது நெற்றி தெளிந்துவிட்டது. இடக்கன்னத்தில் மட்டும் ஒரு காசளவு இன்னும் இருக்கிறது.