டிராக்டர் விசிறியால் ரேடியேட்டர் கெடாமல் இருக்க

சேற்றுழவு நடக்கும் நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் நடவும் தள்ளிப்போகும். விசிறி உராய்ந்து ரேடியேட்டர் குழாய்கள் கிழிவதும் இதற்கு ஒரு காரணம். முன்கூட்டியே கவனித்தால் இதனைத் தவிர்க்கலாம்.

பெரும்பாலான டிராக்டர்களில் விசிறி, தண்ணீர் பம்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டுள்ளது. பம்பின் பேரிங் தேய்ந்தால் விசிறி ஆடி ரேடியேட்டரைத் தொடும். விசிறி பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் விரைவில் தேயும்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சூடு ஆறியபின் கீழ்க்கண்டவற்றைச் சோதியுங்கள்.

1. விசிறி இறகின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்பின் அடியில் நீர் கசிந்தாலோ பம்பைப் பழுது பாருங்கள்.

2. ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். நைந்துபோன ரப்பர்களை மாற்றுங்கள்.

3. இறகு வளைந்தோ வெடித்தோ இருந்தால் தட்டி நிமிர்த்தாதீர்கள், விசிறியையே மாற்றுங்கள். எடை ஒருபக்கம் சாய்ந்த விசிறி பேரிங்கையும் கெடுத்துவிடும்.

4. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். டிராக்டர் கையேட்டில் கூறிய அளவே அது அமுங்க வேண்டும்.

வாய்க்காலையோ ஓடையையோ கடக்கும்போது விசிறி நீரில் முழுகக் கூடாது. காற்றைப் பின்னே தள்ளும் விசிறியால் நீரை அவ்வளவு எளிதில் தள்ள இயலாது. இறகுகள் முன்புறம் வளைந்து ரேடியேட்டரை வெட்டிவிடும். ஆகவே, ஆழத்தைக் கோலால் அளந்து பாருங்கள். நீர் விசிறியை எட்டுமானால் வேறு வழியாகச் செல்லுங்கள்.

ரப்பரும் போல்ட்டும் மாற்ற ஆகும் செலவு, புது ரேடியேட்டருக்கு ஆகும் செலவில் சிறு பங்கே.